சிகரெட் என்றால் சின்னச் சுருட்டு

சிகரெட் என்ற சொல்லின் வாலைப் பிடித்தால் பாதிக் கதை கிடைத்துவிடும். அந்த 'எட்' ஒரு பிரெஞ்சு விகுதி. பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டால் 'அதில் சின்னது' என்று பொருள் தரும். நாம் பாட்டுக் கேட்ட கேசட் 'சின்னப் பெட்டி'. டாய்லெட்டும் அப்படித்தான். 'துவால்' என்றால் துணி, 'துவாலெட்' சின்னத் துணி. ஒப்பனை மேசைமேல் விரித்த அந்தத் துணியின் பெயர் மேசைக்கு ஏறி, ஒப்பனை அறைக்குப் போய், கடைசியில் கழிப்பறையில் வந்து நின்றது.

'சிகார்' என்றால் சுருட்டு. ஆக, சிகரெட் சின்னச் சுருட்டு. சுருட்டுக்கு மேலுறையும் புகையிலைதான், இதற்குக் காகிதம். 1830களில் பிரெஞ்சில் புழங்கத் தொடங்கிய சொல் இது. அந்த மொழியில் சிகார் ஆண்பால். வால் ஒட்டியதும் பெண்பாலாகிவிடுகிறது.

சரி, சிகார் எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுக்காரர்கள் அதை ஸ்பானியரின் 'சிகாரோ'விலிருந்து எடுத்தார்கள். ஸ்பானிய மொழியில் 'சிகாரா' என்றால் சில்வண்டு. சுருட்டின் உருண்ட வடிவம் அந்தப் பூச்சியின் உடலை ஒத்திருப்பதால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. இரண்டு சொற்கள் ஒன்றுபோல ஒலித்தால் உறவு கற்பிப்பது எல்லா மொழியிலும் நடப்பதுதான். மெக்சிகோ, குவாதமாலா பகுதியின் பழங்குடிகளான மாயா மக்களின் மொழிகளில் 'சிக்' என்றால் புகையிலை, 'சிகர்' என்றால் புகைப்பது. மெக்சிகோவில் அவர்கள் கட்டிய பலெங்கே கோயிலில், 7ஆம் நூற்றாண்டுக் கற்பலகை ஒன்றில் ஒரு கிழத் தெய்வம் வாயில் குழல் வைத்துப் புகைத்துக்கொண்டு நிற்கிறது. புகையும் கல்லிலேயே சுருள்கிறது. இலையைச் சுருட்டிப் புகைக்கக் காட்டிக்கொடுத்தவர்களிடமிருந்தே அதன் பெயரும் வந்திருக்கும் என்பதே எனக்கு இயல்பாகப் படுகிறது.

அப்புறம், நம் சுருட்டு. சுருள்வது தானாக நடப்பது. சுருட்டுவது கை செய்வது. உருள், உருட்டு, திரள், திரட்டு என்ற அதே இலக்கணம். இலையை விரித்து, நடுநரம்பைக் கிழித்தெடுத்து, தூளை உள்ளே வைத்து விரல்கள் உருட்டும் அந்த வேலையின் பெயரே, ஓர் எழுத்தும் மாறாமல் பொருளின் பெயராகிவிட்டது. தமிழின் இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்தச் சொல்லும் கப்பல் ஏறியது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் 'ஷெரூட்' ஆனது. அங்கே அது இரு முனையும் வெட்டிய ஒரு வகையை மட்டும்தான் குறிக்கும். போர்த்துக்கீசியரோ 'ஷருட்டு' என்று எல்லாச் சுருட்டுக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் மொழி பேசும் பிரேசிலில் இன்றும் கடைக்காரரிடம் அப்படித்தான் கேட்கிறார்கள். புகையிலைச் செடி பிறந்த தென் அமெரிக்காவிலேயே, அதன் சுருளுக்குத் தமிழ்ப் பெயர்.