வரிசை எங்கே அறுகிறது?

பதினைந்து பேர் ஒற்றையடிப் பாதையில் மலையேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஓர் ஓடை. கல்லுக்குக் கல் கால் வைத்துத் தாண்ட ஒருவருக்குப் பத்து விநாடி ஆகிறது. ஒருவர் தாண்டிய பிறகுதான் அடுத்தவர் இறங்க முடியும். முதல் ஆள் அக்கரை ஏறியதும் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடையைத் தொடர்கிறார். கடைசி ஆள் கரையேறும்போது 140 விநாடி கழிந்திருக்கும். முதல் ஆள் 155 மீட்டர் தள்ளிப் போயிருப்பார். யாரும் சோம்பவில்லை, யாரும் அவசரப்படவும் இல்லை. ஆனால் நீலகிரியின் அடர்ந்த சோலைக்காடு ஒன்றுக்குள் இருபது மீட்டருக்கு அப்பால் நடப்பவர் கண்ணுக்குப் படுவதே அரிது. பாதை ஒருமுறை வளைந்தால் போதும், குழு இரண்டாகிவிடும்.

இதற்குக் குறுகலான ஓடைகூட வேண்டியதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்ன சோதனை 2008இல் வெளிவந்தது. சற்று நேரத்தில் எந்தத் தடையும் இல்லாமலே நெரிசல் உண்டாகி, கார்கள் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர்ந்தது. ஒருவரின் சிறு தயக்கம் அடுத்தவரிடம் பெரிய தயக்கமாகிறது. நடப்பவர்களிடமும் இதே கதைதான்: ஷூ கயிறு கட்ட ஒருவர் குனிந்தால், அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் முதலில் நிற்கிறார்கள், பிறகு ஓடுகிறார்கள். அதே மலையில் கடைசி ஆள் மட்டும் அதிகம் களைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூச்சிரைக்க அவர் வந்து சேரும்போது, ஏற்கெனவே ஓய்வெடுத்துவிட்ட முன்வரிசை “சரி, கிளம்பலாமா?” என்று எழுந்துவிடும். இதைவிடக் கொடுமையான ஏற்பாடு மலையேற்றத்தில் வேறில்லை.

ஏற்றம் வந்தால் இடைவெளி இன்னும் விரியும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் தந்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நல்ல உடல்வாகு உள்ளவருக்கான கணக்கு இது. சமதளத்தில் பேசிக்கொண்டே இணையாக நடந்த இருவரின் தெம்பு வேறுபாடு, செங்குத்தில்தான் வெளிப்படும்.

ஆனால் இடைவெளி மட்டுமே ஆபத்தில்லை. வரிசையில் நடக்கும்போது செய்தி ஒரே திசையில்தான் ஓடுகிறது என்பதே என் பார்வையில் மையமான சிக்கல். எல்லாருக்கும் முன்னால் இருப்பவரின் முதுகு தெரிகிறது. முதுகுக்குப் பின்னால் நடப்பது யாருக்கும் தெரியாது. முதல் ஆள் இடப்பக்கம் திரும்பியது இரண்டாம் ஆளுக்குத் தெரியும். பதினான்காம் ஆள் வலப்பக்கம் திரும்பியது முதல் ஆளுக்கு எப்படித் தெரியும்?

அந்த முதுகின் மீது நமக்குள்ள நம்பிக்கையும் லேசானதல்ல. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய கூடத்துக்குள் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒரு சிலருக்கு மட்டும் போக வேண்டிய இடம் சொல்லப்பட்டது. பேச்சும் கூடாது, சைகையும் கூடாது. இருநூறு பேர் கொண்ட கூட்டத்தில் வழி தெரிந்தவர் ஐந்து சதவீதம் இருந்தாலே மற்றவர்கள் அவர்கள் பின்னால் போனார்கள். காட்டில் இதற்கு மறுபக்கமும் உண்டு. வழி தெரிந்தவர்போல நடக்கும் ஒருவர் காட்டுமாட்டுத் தடத்தில் இறங்கினாலும் பின்னால் ஐந்து பேர் இறங்குவார்கள். காட்டுமாடும் யானையும் போட்ட தடங்கள், மனிதர் போட்ட பாதையைவிடத் தெளிவாகவே இருப்பதுண்டு.

தவறிப் போனவர், “நேராக நடந்தால் எங்காவது போய்ச் சேர்வோம்” என்று நினைக்கலாம். நேராக நடப்பதுதான் நடக்காத காரியம். ஜெர்மனியின் டூபிங்கன் நகர மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சமதளக் காடு ஒன்றில் ஆட்களை ஜிபிஎஸ் கருவியோடு நேராக நடக்கச் சொன்னார்கள். வெயில் தெரிந்த நாளில் நடந்தவர்கள் ஏறத்தாழ நேராகப் போனார்கள். மேகமூட்டத்தில் நடந்த நால்வரும் வட்டமிட்டார்கள். அவர்களில் மூவர் தாங்கள் கடந்த தடத்தையே மீண்டும் கடந்தும் அது அவர்களுக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டபோது வட்டம் இருபது மீட்டர் விட்டமாகக்கூடச் சுருங்கியது. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்ற பழைய விளக்கம் இங்கே எடுபடவில்லை, ஒரே ஆள் ஒருமுறை இடமும் மறுமுறை வலமும் சாய்ந்தார். காதும் தசையும் மூளைக்குத் தரும் திசைக்குறிப்புகளில் உள்ள சின்னச் சின்னப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, ‘நேர்’ என்று நாம் நினைப்பதே மெல்லத் திரும்பிவிடுகிறது. சூரியனோ தொலைவிலுள்ள சிகரமோ தெரிந்தால் பிழை திருத்தப்படும். மூடுபனி இறங்கிய சோலையில் இரண்டும் இராது.

அதனால்தான் குழுவைக் காக்கும் எந்த ஏற்பாடும் செய்தியைப் பின்னிருந்து முன்னுக்கு ஓடவிட வேண்டும். வழி தெரிந்தவர் ஒருவரே இருந்தால் அவரை முன்னால் விடுவது வழக்கம். கடைசி இடத்துக்கும் நிதானமான ஓர் ஆளை முன்கூட்டியே நியமித்து, அவருக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக் கூடாது என்று சொல்லிவிட வேண்டும். பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருபவர் தன்னைப் பார்த்து, தான் திரும்பும் பக்கத்தையும் பார்க்கும்வரை ஒவ்வொருவரும் நின்றே ஆக வேண்டும். கடைசி ஆள் வரவில்லை என்றால் அவருக்கு முந்தியவர் நிற்பார். அவர் வராததால் அதற்கு முந்தியவர் நிற்பார். இப்படி நிறுத்தம் வரிசையின் வழியே முன்னேறி, பின்னால் ஏதோ கோளாறு என்று தலைவருக்கே சொல்லிவிடும். செல்போன் சிக்னல் தேவையில்லை. மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்த இடத்தில் விட்டால் இடைவெளி உண்டாவதே குறையும். வேகக்காரர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். ஐந்தைந்து பேராகப் பிரிந்தாலும் லாபம்தான்: அதே ஓடையில் தாமதம் 40 விநாடி, இடைவெளி 44 மீட்டர்.

மிஞ்சி இருப்பது விசில். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் எல்லைக்குள் அதன் ஒலி விழுகிறது. கத்திக் கத்தித் தொண்டை கட்டுவதுபோல் அது சோர்வதில்லை. ஒரு குறை உண்டு. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில் நாம் மிகவும் தடுமாறுவதும் ஏறத்தாழ இதே எல்லைக்குள்தான், மலைச்சரிவின் எதிரொலி வேறு சேர்ந்துகொள்ளும். ஆகவே விசில் கேட்டதும் தவறியவர் ஒலியை நோக்கி ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நின்று திரும்ப ஊத வேண்டும். ஆல்ப்ஸ் மலையின் மரபு நிமிடத்துக்கு ஆறுமுறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஊதுவது. பதில் நிமிடத்துக்கு மூன்றுமுறை. உங்கள் குழு எந்த மரபை வைத்துக்கொண்டாலும் அதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். விசிலைப் பையின் அடியில் போடாமல் ஒவ்வொருவரும் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.