டீசல் அழுத்தத்தைப் பார்க்க எந்த மீற்றர்?

சீனக்குடாவில் மா மூட்டை ஏற்றிய லொறி தம்புள்ளை வரை நன்றாகவே ஓடும். மாத்தளை தாண்டி ஏற்றம் வந்ததும் இழுவை குறையும். உடனே எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்வார்கள். பல நேரம் கோளாறு அங்கே இருக்காது. பில்டர் பாதி அடைபட்டிருக்கும், இல்லையென்றால் தாங்கியிலிருந்து டீசலைத் தள்ளும் ஃபீட் பம்ப் சோர்ந்திருக்கும். சமதரையில் எஞ்சின் கொஞ்ச டீசல்தான் கேட்கும் என்பதால் குறை வெளியே தெரியாது. பாரத்தோடு ஏறும்போது கேட்கிற அளவு வராமல் அழுத்தம் விழுகிறது. ஓடும் வண்டியில் இதைக் கண்டுபிடிக்க டீசல் அழுத்த மீற்றர் வேண்டும். அது இரண்டு வகை: மெக்கானிக்கல், மின்சாரம்.

அழுத்தம் விழுந்தால் போவது இழுவை மட்டுமல்ல. சில பம்புகளுக்கு டீசல்தான் எண்ணெய், டீசல்தான் குளிர்ச்சி. அமெரிக்காவில் 1998 முதல் 2002 வரை வந்த டாட்ஜ் ராம் டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர்களுக்கு டீசல் அனுப்பும் விபி44 பம்ப், ஃபீட் பம்ப் பழுதாகிப் போதிய டீசல் வராததால் கெட்டுப்போவதற்கே பேர்போனது. அந்த வண்டிக்காரர்கள் இந்த மீற்றரைத் தேடித் தேடிப் பூட்டியதும் அதனால்தான்.

மெக்கானிக்கல் மீற்றருக்குள் இருப்பது பூர்டன் குழாய். யூஜின் பூர்டன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் காப்புரிமை பெற்றது. தட்டையாக்கி வில்லாக வளைத்த பித்தளைக் குழாய். ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை வழியே டீசல் உள்ளே தள்ளும். சுருட்டிப் போட்ட தண்ணீர்க் குழாய் பைப்பைத் திறந்ததும் நிமிரப் பார்க்கிறதே, அதுபோல இதுவும் கொஞ்சம் நிமிரும். மூடிய முனையின் அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெருக்கி முள்ளைச் சுழற்றும். பற்றரி வேண்டாம், வயர் வேண்டாம். ஃபீட் பம்ப் பிஸ்டன் வகையாக இருந்தால் முள் துடித்துக்கொண்டே நிற்கும், பல்லும் தேயும். குழாய் வழியில் சிறுதுளை அடைப்பான் ஒன்றைப் போட்டால் அடங்கும்.

ஆனால் டீசல் மீற்றர் வரைக்கும் வந்தாக வேண்டும். மீற்றர் கெபினுக்குள் என்றால் டீசலும் கெபினுக்குள். இணைப்பு ஒன்று வெடித்தால் சாரதியின் காலடியில் பீறிடும். இதற்காக ஐசொலேட்டர் விற்கிறார்கள்: நடுவே ஒரு சவ்வு, சவ்வுக்கு அந்தப்பக்கம் டீசல், மீற்றர் பக்கம் குளிரூட்டித் திரவம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எஞ்சின் சூட்டில் அடைபட்ட திரவம் விரிந்து, இல்லாத அழுத்தத்தைக் காட்டவும் கூடும்.

மின்சார வகையில் டீசல் எஞ்சின் பக்கத்திலேயே நின்றுவிடும்; உள்ளே வருவது வயர் மட்டும். பழைய சென்சரில் சவ்வு தள்ளும் முனை ஒன்று மின்தடைக் கம்பியில் உரசி நகரும், அதிர்வில் தேயும். புதியதில் சவ்வு வளைவதையே மின்னழுத்தமாக மாற்றுகிறார்கள். பெரும்பாலும் 5 வோல்ட் கொடுத்தால், அழுத்தம் இல்லாதபோது 0.5 வோல்ட்டும் முழு அளவில் 4.5 வோல்ட்டும் திரும்பி வரும். தொடக்கம் பூச்சியம் அல்ல என்பதைக் கவனியுங்கள்: வயர் அறுந்தால்தான் பூச்சியம் வரும், அதனால் எது கோளாறு, எது அழுத்தக் குறைவு என்று பிரித்தறியலாம்.

திருகோணமலை உப்புக்காற்று இதற்கு எதிரி. முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்தால் மீற்றர் கண்டபடி காட்டும். மூடிய சொக்கெட்டும் கிரீஸும் போடுங்கள். பழைய ஒற்றைவயர் சென்சரின் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றினால், மரை வழியே கிடைக்கும் எர்த் கெடும். எஞ்சின் அதிர்வு தாக்காமல், குட்டி ஹோஸ் போட்டு சென்சரைச் சேசிஸில் பூட்டுவது நல்லது.

என் தெரிவு மின்சாரம்தான். ஏற்றத்தில் சாரதியின் கண் வீதியில் இருக்கும். அழுத்தம் விழுந்தால் எரியும் சிவப்பு லைட்டை இதில் சுலபமாகச் சேர்க்கலாம். மெக்கானிக்கல் மீற்றர் கராச்சில் இருக்கட்டும், சென்சர் சொல்வது சரியா என்று பொனட்டுக்குள் பூட்டிப் பார்க்க. எந்த வகையானாலும் வழக்கமான அழுத்தத்துக்கு முள் நடுவில் நிற்கும் அளவுகோல் வேண்டும். வழக்கமான அழுத்தம் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) என்றால் 30 வரை போதும்.

பூட்டும் இடம் பில்டருக்கும், இன்ஜெக்டர்களுக்கு டீசல் அனுப்பும் உயர் அழுத்தப் பம்புக்கும் நடுவில். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் கொமன் ரெயில் எஞ்சினில் அந்தப் பம்புக்கு அப்பால் அழுத்தம் 1,000 பாருக்கு (சுமார் 14,500 பிஎஸ்ஐ) மேல் போகும், அங்கே கைவைக்கவே கூடாது. சில ஜப்பான் லொறிகளில் ஃபீட் பம்ப் இல்லாமல் இந்தப் பம்பே தாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சும். அவற்றுக்கு உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் மீற்றர்தான் சரி; பில்டர் அடைபட அடைபட அதில் முள் ஏறும்.