புகையாமல் எரியும் அடுப்பு

ஒரு லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 314 கிலோஜூல் வெப்பம் போதும். காய்ந்த விறகு கிராமுக்குச் சுமார் 15 கிலோஜூல் தருவதால், அந்த வெப்பம் முழுவதும் பாத்திரத்தைச் சேருமானால் 21 கிராம் சுள்ளியிலேயே நீர் கொதித்துவிடும். மூன்று கல் கூட்டிய அடுப்பிலோ இதைப்போல் பல மடங்கு விறகு தீர்ந்துபோகிறது.

வீணாவதில் ஒரு பங்கைப் புகையாகவே நாம் காண்கிறோம். சூடேறும் விறகு 300 டிகிரியை நெருங்கும்போது சிதைந்து எரிவளிகளை வெளியிடுகிறது. அவை முழுமையாக எரிய 600 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். திறந்த அடுப்பில் குளிர்காற்று நாற்புறமும் புகுந்து தீயைத் தணிப்பதால், எரியவேண்டிய பொருள் எரியாமலே கண்ணைக் கரிக்கும் புகையாக வெளியேறுகிறது. ஆனால், அதைவிடப் பெரிய இழப்பு, எரிந்து கிடைத்த வெப்பமே பாத்திரத்தைத் தொடாமல் காற்றோடு போய்விடுவதுதான்.

இவ்விரண்டையும் ஒருசேரக் குறைப்பதற்காக, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள அப்ரோவேச்சோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த லாரி வினியார்ஸ்கி 1980-களில் வகுத்த அமைப்பே ராக்கெட் அடுப்பு. பழைய எண்ணெய்த் தகர டின் ஒன்றும், 12 செ.மீ. விட்டமுள்ள தடித்த இரும்புக் குழாய்த் துண்டுகள் இரண்டும், சலித்த சாம்பலும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். ஒரு துண்டைப் படுக்கையாகவும் மற்றதைச் செங்குத்தாகவும் இணைத்து டின்னுக்குள் நிறுத்தி, சுற்றியுள்ள இடைவெளியைச் சாம்பலால் நிரப்பவேண்டும். நிற்கும் குழாயின் உயரம் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு, அதாவது 36 செ.மீ. அளவில் இருந்தால், சூடான வளி மேலெழும் வேகத்தில் புதுக்காற்று தானாக உள்ளே இழுக்கப்படும், ஊதுகுழலுக்கு வேலையிராது.

சாம்பலுக்குப் பதிலாகக் களிமண்ணையோ கல்லையோ கெட்டியாக அடைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. கனத்த சுவர் வெப்பத்தைக் காக்கும் என்று தோன்றினாலும், உண்மையில் அது தான் சூடாவதற்காகத் தீயின் வெப்பத்தை நெடுநேரம் உறிஞ்சுகிறது. சாம்பல் துகள்களுக்கிடையே சிறைப்பட்ட காற்றோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் குழாயின் உட்புறம் விரைவில் தகதகத்து, புகை அங்கேயே எரிந்துவிடுகிறது.

படுக்கைக் குழாயின் நடுவே ஒரு தகட்டைப் பலகைபோல் பொருத்தி, அதன்மேல் சுள்ளிகளை வைத்து, கீழ்ப்பாதியைக் காற்றுக்கு விட்டுவிடவேண்டும். பாத்திரத்துக்கும் குழாய் வாய்க்கும் இடையே 3 செ.மீ. இடைவெளி தேவை: விட்டத்தில் கால் பங்கான இந்த அளவில்தான் வெளியேறும் வழியின் பரப்பு குழாயின் பரப்புக்குச் சமமாகிறது. இடைவெளி குறைந்தால் தீ மூச்சுமுட்டும். மிகுந்தால் வெப்பம் பாத்திரத்தை உரசாமல் நழுவிவிடும்.

துத்தநாகம் பூசிய குழாயை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக்கூடாது. அந்தப் பூச்சு 420 டிகிரியிலேயே உருகி, மேலும் சூடேறும்போது நச்சாவியாக மாறும். எந்த விறகடுப்பிலும் கார்பன் மோனாக்சைடு உண்டாகும் என்பதால் இதையும் திறந்த வெளியில் மட்டுமே மூட்டவேண்டும். நன்றாக எரிந்துகொண்டிருக்கையில் திடீரெனப் புகை கிளம்பினால், சுள்ளிகளைச் சற்று வெளியே இழுத்து, அவற்றின் நுனி மட்டும் எரியுமாறு விடுங்கள். அப்போதும் புகை அடங்காவிட்டால் விறகில் ஈரம் இருக்கிறது.