சன்மானம்: மதிப்பா, ஊதியமா?

பாம்பன், மண்டபம், தேவிபட்டினம் பக்கம் மீன் ஏலம் நடக்கும் கரையில் நின்றால், நண்டு என்ன விலைக்குப் போகிறது, இறால் என்ன விலைக்குப் போகிறது என்பது வழிப்போக்கனுக்கும் தெரிந்துவிடும். அதே ஊரில் முளைப்பாரித் திருவிழாவுக்கோ மாதா கோயில் தேர்ப்பவனிக்கோ வாசிக்க ஆள் பேசப் போனால் நிலைமை வேறு. தேதி, நேரம், எத்தனை பேர், சாப்பாடு, வண்டி எல்லாம் தெளிவாகப் பேசப்படும். தொகை வரும்போது மட்டும் குரல் தணியும். "நீங்கள் பார்த்துச் செய்யுங்கள், அண்ணே" என்பார் கலைஞர். "உங்களுக்குக் குறை வைப்போமா?" என்பார் கமிட்டிக்காரர். எண் என்று ஒன்று இருவர் வாயிலிருந்தும் வராமலே பேச்சு முடிந்துபோவதும் உண்டு. அந்த வெற்றிடத்தில் வந்து உட்காரும் சொல் சன்மானம்.

இன்றைய வழக்கில் சன்மானம் என்பது ஒருவர் தம் கலையாலோ எழுத்தாலோ செய்த வேலைக்குக் கொடுக்கப்படும் பணம். பிரசுரமாகும் படைப்புகளுக்குச் சன்மானம் உண்டு என்று இதழ்கள் அறிவிக்கும். தகவல் தருவோருக்குத் 'தக்க சன்மானம்' வழங்கப்படும் என்று காவல்துறைச் சுவரொட்டி சொல்லும். இரண்டிலும் அளவைத் தீர்மானிப்பவர் கொடுப்பவரே. 'தக்க' என்றால் யாருக்குத் தக்க என்று வாங்குபவர் கேட்பதில்லை. சம்பளத்தைப் பேசி முடிக்கலாம், கூலியை உயர்த்தச் சொல்லிப் போராடலாம், வாடகையைக் கறாராக வாங்கலாம். "என் சன்மானத்தை உயர்த்துங்கள்" என்று ஒருவர் கேட்டால் காதுக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வடமொழியில் 'ஸம்' என்பது நன்கு, முழுமையாக என்னும் பொருள் தரும் முன்னொட்டு. 'மான' என்பது மதிப்பு. ஸம்மான என்றால் நன்மதிப்பு, மரியாதை. இந்தியில் 'சம்மான்' இன்றும் மரியாதை என்னும் பொருளிலேயே வழங்குகிறது. தமிழில் அது சன்மானம் ஆனபோது மரியாதை பின்னுக்குப் போய்ப் பணம் முன்னுக்கு வந்தது. ஆனால் மரியாதை முழுதாக விலகவும் இல்லை. அதனால்தான் தொகையைக் கேட்பவர், "எனக்கு இவ்வளவு மரியாதை வேண்டும்" என்று கேட்பவரைப் போலத் தோன்றிவிடுகிறார்.

இதன் உறவுக்காரர்களையும் பார்க்கலாம். அவமானம் இதற்கு உடன்பிறப்பு. அதே 'மான', முன்னொட்டு மட்டும் வேறு. மிகுந்த மதிப்பு என்னும் 'பஹுமான' நம்மிடம் வெகுமானம் ஆகி, பரிசுப் பொருளைக் குறிக்கப் போய்விட்டது. மதிப்புக்குரியது என்னும் 'மான்ய' மானியம் ஆயிற்று. கோயில் ஊழியம் செய்வோருக்கு விட்ட வரியில்லா நிலத்தைக் குறித்த அச்சொல் இன்று உரத்துக்கும் டீசலுக்கும் அரசு தரும் உதவியைக் குறிக்கிறது. சம்பாவனையும் அப்படியே: மதித்தல் என்று தொடங்கி, வித்துவானுக்கும் வைதிகருக்கும் தட்டில் வைத்துக் கொடுக்கும் பணமாக முடிந்தது. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அன்று. ஆங்கிலத்தின் ஆனரேரியமும் கௌரவம் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

வருமானத்தை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கக் கூடாது. அங்கே இருக்கும் 'மானம்' கட்டுமானம், பிடிமானம், செரிமானம் ஆகியவற்றில் வரும் விகுதி. வருமானத்தையும் மானத்தையும் வைத்து மேடையில் சிலேடை பேசலாம். சொற்பிறப்பு என்று சொல்ல முடியாது.

எல்லாக் கலைஞருக்கும் இந்தச் சொல் வாய்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சபையில் பாடியவருக்குச் சம்பாவனை, சன்மானம். கோயிலில் நாதஸ்வரம் வாசித்தவருக்கு மானியம், சம்பளம். பறையும் தப்பும் அடித்தவருக்குக் கூலி, அல்லது களத்தில் அளந்து போட்ட நெல். ஊர்ப் பணி செய்வோருக்கு விளைச்சலில் இருந்த அந்த உரிமைப் பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். (ஆகஸ்ட் மாதம் நாம் கொண்டாடும் சொல்லுக்குக் களத்துமேட்டில் இப்படியும் ஒரு வாழ்வு இருந்தது.) தோலைக் காய்ச்சி, வெயிலில் நின்று, விடிய விடிய அடிப்பதற்கு ஆகும் உழைப்பு குறைந்ததா என்ன? யார் வாசிக்கிறார், எந்தச் சாதி என்பதைப் பொறுத்துப் பணத்தின் பெயர் மாறியது. கூலி வாங்குபவர் கூட்டிக் கேட்டால் ஊர் அவரை அதட்டும். சன்மானம் வாங்குபவர் கேட்டால் "இவருக்குக் காசே குறி" என்று முதுகுக்குப் பின்னால் பேசும். பெண் கலைஞர் கேட்டால் பேச்சு காசோடு நிற்பதில்லை. மேடையில் துணிச்சலாக வசனம் பேசும் பெண்கள் பலர் தொகையை மட்டும் வேறொருவரை விட்டுப் பேசச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இந்தக் கூச்சம் தமிழரின் தொன்றுதொட்ட பண்பு என்று நினைப்போருக்குச் சங்க இலக்கியம் வேறு சாட்சி சொல்கிறது. பாணருக்கும் பொருநருக்கும் விறலியருக்கும் புலவருக்கும் வள்ளல் தருவது பரிசில். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வழியில் வாடி வரும் இன்னொருவரைப் பார்த்து, இன்னாரிடம் போ, எனக்கு இன்னின்ன கிடைத்தது என்று சொல்வதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகை. முருகனிடம் ஆற்றுப்படுத்தும் ஒன்றைத் தள்ளினால் மற்ற நான்கிலும் கொடையின் விவரம் ஒளிவின்றி வருகிறது. கரிகாலனிடம் போய் வந்த பொருநர் பொன் தாமரை, நான்கு வெண்குதிரை பூட்டிய தேர் என்று வரிசையாகச் சொல்கிறார். தன் வரும்படியைச் சக கலைஞரிடம் சொல்வது அன்று ஓர் இலக்கிய வகை. இன்று அதையே செய்தால் தற்பெருமை என்கிறோம், அல்லது கண்படும் என்கிறோம்.

கொடுக்கத் தாமதமானால் கேட்பதற்கும் இலக்கணம் இருந்தது. புறத்திணையில் 'பரிசில் கடாநிலை' என்றே ஒரு துறை உண்டு. கடாவுதல் என்றால் வற்புறுத்திக் கேட்டல். அதியமான் பரிசில் நீட்டித்தபோது ஔவையார் வாயிற்காவலனை விளித்துப் பாடிய பாட்டு (புறநானூறு 206) 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்று முடிகிறது. உன் வாசல் இல்லாவிட்டால் எனக்கு வேறு வாசல் உண்டு என்று இவ்வளவு நிமிர்ந்து இன்று எந்தக் கமிட்டியிடம் யார் சொல்ல முடியும்?

அடுத்தடுத்து வரும் பாட்டுகளில் ஒன்றை மட்டும் எல்லாரும் எதிர்ச்சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள். பெருஞ்சித்திரனார் அதியமானைக் காணப் போனார். அவன் நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' (புறநானூறு 208) என்று அவர் மறுத்துவிட்டார். 'வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்னும் பாதியைப் பிடித்துக்கொண்டு, பாருங்கள், புலவர் காசுக்குப் பாடவில்லை என்பார்கள். மீதிப் பாட்டைப் படிக்க வேண்டும். தினை அளவே ஆனாலும் என் தகுதியை அறிந்து கொடுத்தால் இனிது என்கிறார். அவர் மறுத்தது பொருளை அன்று. ஆளைப் பாராமல் பொருளை மட்டும் அனுப்பியதை.

பக்தி இலக்கியத்திலும் சான்று உண்டு. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் கோயிலில் நாள்தோறும் காசு கிடைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. சம்பந்தருக்குக் கிடைத்த காசைக் கடைவீதியில் வட்டம் கழித்துத்தான் வாங்கினார்கள். அவர் நேரே இறைவனிடமே 'வாசி தீரவே காசு நல்குவீர், மாசில் மிழலையீர் ஏசல் இல்லையே' என்று பாடினார். வாசி என்பது காசை மாற்றும்போது பிடிக்கும் கழிவு. கழிவில்லாமல் முழுத் தொகை தந்தால் உமக்குப் பழிச்சொல் இல்லை என்கிறார். அப்படி நாள்தோறும் பெற்றது படிக்காசு. கீழக்கரைச் சீதக்காதியைப் பாடிய புலவர்களில் ஒருவருக்குப் படிக்காசுப் புலவர் என்றே பெயர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று வள்ளலின் பெயர் பழமொழியில் நிலைத்தது. புலவரோ பெயரிலேயே தம் காசைச் சுமந்தார்.

பிறகு எங்கே வாய் அடைத்தது? ஒரு காரணம், தியாகராஜரைப் போன்றவர்களின் வாழ்வை எல்லாருக்கும் அளவுகோலாக வைத்தது. 'நிதி சால சுகமா' (செல்வம்தான் பெரிய சுகமா) என்று பாடி, உஞ்சவிருத்தி எடுத்து, அதாவது வீதியில் பாடிக்கொண்டே அரிசி யாசித்து, வாழ்ந்தவர் அவர். வாசிப்பைத் தொழிலாக நடத்தியவர் அல்லர். அந்தத் துறவை, வேன் வாடகை கொடுத்து வந்து வாசிப்பவரிடம் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. இன்னொரு காரணம் அரண்மனை. பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் மாணவரும் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குருவுமான பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் (1860–1919) ராமநாதபுரம் சமஸ்தானத்து வித்துவான். ஆதரிக்க ஓர் அரண்மனை இருக்கும்வரை தொகை பேசாமை கட்டுப்படியானது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அரண்மனை இருந்த இடத்துக்குத் திருவிழாக் கமிட்டி வந்தது. பேசாமை மட்டும் அப்படியே இருக்கிறது.

கச்சேரி என்னும் சொல்லே அலுவலகத்திலிருந்து வந்தது என்பது இங்கே ஒரு வேடிக்கை. கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில், கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம். பாட்டுக்கு அலுவலகத்தின் பெயரை வைக்க நாம் கூசவில்லை. சம்பளம் என்றால்தான் கூசுகிறோம்.

கூச்சமும் எல்லாருக்கும் பொது அன்று. திருவிழா இரவில் மெல்லிசையோ வள்ளி திருமணம் நாடகமோ நடந்துகொண்டிருக்கும். பாட்டை நிறுத்தி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும்: வெளிநாட்டில் இருக்கும் இன்னாருடைய அன்பளிப்பு 500 ரூபாய். மேடையேறி நோட்டைச் சட்டையில் குத்திவிட்டுப் போகிறவரும் உண்டு. கொடுப்பவர் சொல்லும் எண் ஊருக்கே கேட்க வேண்டும்; பெறுபவர் சொல்லும் எண் மட்டும் காதோடு இருக்க வேண்டும்.

இந்த மௌனத்தில் அதிகம் இழப்பவர் செட்டின் கடைசி ஆள். மேள செட் என்றால் நாதஸ்வரம், தவில், தாளம், சுருதி. பேசுவதும் வாங்குவதும் செட்டை நடத்துபவர். மொத்தம் எவ்வளவு என்று தாளக்காரருக்குத் தெரியாது. கேட்பது முறையில்லை என்பார்கள். ஸ்பெஷல் நாடகக்காரர்கள் இதில் தெளிவானவர்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனியாகப் பேசி, தேதி குறித்து, அச்சாரம் கொடுத்தே அழைக்க வேண்டும். அச்சாரம் என்பது முன்பணம்; அதற்குள் மரியாதை எதையும் ஒளித்து வைக்கவில்லை என்பதால் அதைப் பேச யாரும் கூசுவதில்லை.

சன்மானத்துக்கு நேர்த் தமிழாக அரசு அலுவலகங்கள் எழுதுவது மதிப்பூதியம். நல்ல சொல்லாக்கம்தான். நடைமுறையில் அது முழு ஊதியத்துக்குக் குறைவாகத் தருவதற்குப் பெயராகிவிட்டது என்பதே என் தயக்கம். பரிசில் அழகான சொல். ஆனால் இன்று பரிசு என்றால் போட்டியில் வெல்வது, பரிசில் என்றால் ஒகேனக்கலில் ஏறும் வட்டத் தோணி. அன்பளிப்பு, மேடையேறித் தரும் அந்த 500 ரூபாய்க்குத்தான் பொருந்தும். கூலியில் வள்ளுவருக்கு இழிவு தோன்றவில்லை. முயற்சி 'மெய்வருத்தக் கூலி தரும்' (குறள் 619) என்கிறார். ஆனால் சாதி அதன்மேல் ஏற்றிய பாரத்தை இறக்காமல் இன்னொருவர் தலையில் அதை வைக்க எனக்கு மனம் இல்லை.

ஊதியம் என்பதே என் தேர்வு. அதன் பழைய பொருள் இலாபம். 'முதலிலார்க்கு ஊதியம் இல்லை' (குறள் 449) என்னும்போது முதல் போட்டவருக்கு அதன்மேல் கிடைப்பதே ஊதியம். வாசிப்பவருக்கும் முதல் உண்டு: நாதஸ்வரத்தில் வைத்து ஊதும் சீவாளி, தவிலுக்குத் தோல், வண்டி வாடகை, பல ஆண்டுச் சாதகம். கமிட்டி தரும் மொத்தத் தொகையைப் பார்த்து "ஓர் இரவுக்கு இவ்வளவா?" என்று வாய்பிளப்போர் இந்த முதலைக் கழிப்பதில்லை. (இசைபட வாழ்தலே உயிர்க்கு ஊதியம் என்னும் 231ஆம் குறளைக் காட்டித் தொகையைக் குறைக்கப் பார்ப்பவர் இருந்தால், அங்கே இசை என்பது புகழ், அறிவுரை 'ஈதல்' என்று கொடுப்பவருக்கு என்று சொல்லிவிடலாம்.)

ரசீதிலும் ஒப்பந்தத் தாளிலும் 'வாசிப்பு ஊதியம்' என்று எழுதி எண்ணைப் போடலாம். சால்வை, மாலை, தாம்பூலம் ஆகியவற்றை 'மரியாதை' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு எண் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கரையில் நிற்கும், திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி சரியாக வசூலாகாது. எண் தெரிந்தால் கமிட்டியும் வெளிப்படையாகக் குறைத்துக் கேட்கலாம், கலைஞரும் முடியும் முடியாது என்று சொல்லலாம். "பார்த்துச் செய்யுங்கள்" என்பதில் குறைப்பதற்கு எதுவும் இல்லை. காவல்துறைச் சுவரொட்டியில் 'தக்க சன்மானம்' இருந்துவிட்டுப் போகட்டும். அது உண்மையிலேயே கொடுப்பவர் பார்த்துக் கொடுப்பது.