பிறப்பதற்கு முன்பே தெரிந்த குரல்

பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தையிடம் போய் "உன் அம்மாவின் குரல் உனக்குத் தெரியுமா?" என்று எப்படிக் கேட்பது? அதற்குப் பேச வராது, கை காட்ட வராது, தலை கூட இன்னும் நிற்கவில்லை. ஆனால் சப்ப மட்டும் நன்றாகத் தெரியும். அமெரிக்க உளவியலாளர்கள் ஆந்தனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

குழந்தை ஒரே சீராகச் சப்பாது. கொஞ்ச நேரம் சப்பும், நிறுத்தும், மறுபடி சப்பும். இவர்கள் பால் வராத ரப்பர் காம்பை வாயில் வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, அந்த நிறுத்தம் வழக்கமாக எவ்வளவு நேரம் என்று முதலில் அளந்தார்கள். பிறகு ஒரு ஏற்பாடு செய்தார்கள்: நிறுத்தம் வழக்கத்தைவிட நீண்டால் அம்மா கதை வாசிக்கும் குரல் கேட்கும், குறைந்தால் வேறொரு பெண் அதே கதையை வாசிக்கும் குரல் கேட்கும். சில குழந்தைகளுக்கு இதையே தலைகீழாக வைத்தார்கள். மூன்று நாள் வயதுகூட ஆகாத 10 குழந்தைகளில் 8 பேர், அம்மாவின் குரல் வரும் பக்கமாகத் தங்கள் சப்பும் தாளத்தை மாற்றிக்கொண்டார்கள்! 1980-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த இந்தச் சின்ன ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. உலகுக்கு வந்து மூன்று நாளுக்குள் ஒரு உயிர் தனக்கு வேண்டிய குரலைக் கேட்டு வாங்கியிருக்கிறது.

பிறந்த பிறகு பழகியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். சரியான சந்தேகம்தான். 1986-ல் டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் கர்ப்பிணிகளிடம் ஒரு குழந்தைக் கதையைக் கொடுத்து, கடைசி ஆறு வாரங்கள் தினமும் இரண்டு முறை சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். பிறந்ததும் பார்த்தால், புதுக் கதையைவிட அந்தப் பழைய கதையைக் கேட்கவே குழந்தைகள் சப்பினார்கள், அதுவும் வேறொரு பெண் வாசித்தால்கூட. கதையின் அர்த்தம் அதற்கு என்ன தெரியும்? தெரிந்ததெல்லாம் அதன் தாளமும் ஏற்ற இறக்கமும்தான்.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கருவின் உள்காது ஏறக்குறைய 25-வது வாரத்தை ஒட்டி வேலை செய்யத் தொடங்குகிறது. வெளியிலிருந்து வரும் சத்தம் வயிற்றுச் சதை, கருப்பைச் சுவர், பனிக்குட நீர் எல்லாவற்றையும் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், அதில் கீச்சென்ற உயர் ஒலிகள் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும், கனமான தாழ்ந்த ஒலிகள் தப்பிப் போகும். அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் பேசினால் வார்த்தை பிடிபடாது, ஆனால் கோபமா கொஞ்சலா என்று தெரிந்துவிடும் இல்லையா, கிட்டத்தட்ட அப்படி. அம்மாவின் குரலுக்கு மட்டும் இன்னொரு வழியும் இருக்கிறது. அவள் பேசும்போது எழும் அதிர்வு அவளுடைய எலும்பு, தசை வழியாக உள்ளுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. புதிதாய்ப் பிறந்த குழந்தைகள் அப்பாவின் குரலுக்கு இதே மாதிரி தனி விருப்பம் காட்டவில்லை என்பதும் பின்னால் தெரியவந்தது. அப்பாக்கள் வருத்தப்பட வேண்டாம், வெளியே வந்த பிறகு பழக நிறைய நேரம் இருக்கிறது.

அந்த வடிகட்டிய இசையைக் குழந்தை சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. 2009-ல் ஜெர்மனியின் கத்லீன் வெர்ம்கேவும் அவருடைய சகாக்களும் பிறந்து சில நாள்களே ஆன 30 பிரெஞ்சுக் குழந்தைகள், 30 ஜெர்மானியக் குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து அலசினார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறியது. ஜெர்மானியக் குழந்தைகளின் அழுகை மேலிருந்து கீழே இறங்கியது. அந்தந்த மொழிப் பேச்சின் ராகமும் அப்படித்தான் போகும்.

நாக்குக்கும் மூக்குக்கும் இதே கதைதான். கரு பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டே இருக்கிறது, அம்மா சாப்பிடுவதன் மணமும் சுவையும் அதில் கொஞ்சம் கலக்கிறது. ஜூலி மென்னெல்லாவும் சகாக்களும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பிற்பாடு முதன்முதலாகக் கேரட் சுவையுள்ள கூழ் ஊட்டப்பட்டபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தார்கள்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. கரு கற்றுக்கொள்கிறது என்றதும் வயிற்றில் ஸ்பீக்கர் கட்டி இசை போடு, குழந்தை மேதையாகும் என்று விற்பவர்கள் வந்துவிடுகிறார்கள். மொசார்ட் கேட்டால் புத்தி வளரும் என்ற பேச்சுக்கு மூலமான 1993-ம் ஆண்டு ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் நடந்தது, அதில் பார்த்ததும் சில நிமிடங்களே நீடித்த ஒரு சின்ன முன்னேற்றம். கருவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கரு நாளின் பெரும்பகுதி தூங்குகிறது, அதன் வளர்ச்சிக்கு அந்தத் தூக்கம் வேண்டும். அம்மா எப்போதும்போல் பேசிக்கொண்டு நடமாடினாலே அதற்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது.

சரி, அம்மாவின் கவலை கருவைத் தொடுமா? கர்ப்பிணிகள் மிகவும் பயப்படும் கேள்வி இது, அதனால் கவனமாகவே சொல்கிறேன். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன் அப்படியே குழந்தைக்குப் போய்விடுவதில்லை. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் செயலிழந்த வடிவமாக மாற்றிவிடுகிறது. அன்றாடச் சண்டை, எரிச்சல், ஒருநாள் அழுகை இதற்கெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பெரிய, நீண்ட அழுத்தம் வேறு. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் பகுதியைப் பனிப்புயல் தாக்கிப் பல வீடுகளில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது. அப்போது கர்ப்பமாக இருந்தவர்களின் குழந்தைகளை சூசன் கிங்கின் குழு பல வருடம் பின்தொடர்ந்தது. அதிகக் கஷ்டத்துக்கு ஆளான தாய்மார்களின் குழந்தைகளிடம் மொழித்திறனிலும் அறிவுத்திறனிலும் சராசரியில் ஒரு சிறு குறைவு தெரிந்தது. கர்ப்பிணியிடம் "கவலைப்படாதே" என்று உபதேசம் செய்வதைவிட, கவலைக்குக் காரணமான வேலையில் பாதியை நாம் வாங்கிக்கொள்வது மேல் என்றுதான் இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது.

இனி பிறப்பு. 1924-லேயே ஓட்டோ ராங்க் என்ற மனப்பகுப்பாய்வாளர் மனிதப் பதற்றங்களுக்கெல்லாம் பிறப்பின் அதிர்ச்சிதான் வேர் என்று எழுதினார். கேட்க நன்றாக இருக்கும் கருத்து, ஆனால் உடலியல் வேறொன்றைக் காட்டுகிறது. பிரசவ வலி இறுக்கும்போது குழந்தையின் உடலில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் பொங்குகின்றன. பெரும் அழுத்தத்தில் உள்ள பெரியவர்களிடம் காணும் அளவையும் மிஞ்சிவிடும் என்று சுவீடனின் ஹியூகோ லாகர்கிரான்ட்ஸ் அளந்து காட்டினார். இந்த ஹார்மோன்கள் இப்படிப் பொங்குவதுதான் நுரையீரலில் உள்ள நீரை உறிஞ்ச வைக்கிறது, சேர்த்து வைத்த சக்தியை அவிழ்த்துவிடுகிறது, குழந்தையைக் கண் திறந்து விழித்திருக்கச் செய்கிறது. வலி தொடங்கும் முன்பே திட்டமிட்டு சிசேரியனில் எடுக்கும் குழந்தைகளுக்கு முதல் சில மணி நேரம் மூச்சுத் திணறல் சற்று அதிகமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரும்பாலும் அது சீக்கிரம் சரியாகிவிடும், சிசேரியன் ஆன தாய் மனம் நோக இதில் ஒன்றுமில்லை.

பிறந்த கணம் நினைவில் இருக்குமா என்றால், இருக்காது. நடந்ததைக் கதையாகச் சேர்த்து வைக்கும், மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி அப்போது முதிர்ந்திருக்காது. நம்மில் பலருக்கு மூன்று வயதுக்கு முந்தைய எதுவுமே ஞாபகம் இல்லை. ஹிப்னாடிசத்தில் பிறப்பை மீட்டெடுத்தேன் என்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, கேட்டும் கற்பனை செய்தும் மனம் கட்டியதை நினைவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 'ஞாபகம் இருக்காது' என்பதை 'உணராது' என்று புரிந்துகொண்ட பெரும் தவறு மருத்துவத்திலேயே நடந்தது. 1980-களிலும்கூடப் பல இடங்களில் பச்சிளம் குழந்தைகளுக்குப் போதிய வலிமருந்து இல்லாமலே அறுவை செய்தார்கள். கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர் 1987-ல், குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது வலிமருந்து கொடுத்தால் உடலின் அழுத்த எதிர்வினையும் பின்விளைவுகளும் குறைகின்றன என்று காட்டினார். அதற்குப் பிறகே நடைமுறை மாறத் தொடங்கியது.

அப்புறம் அந்த முதல் மணி நேரம். துடைத்த குழந்தையை அம்மாவின் வெறும் மார்பில் குப்புறப் படுக்க வைத்து, அவசரப்படுத்தாமல் விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும், கண் திறக்கும், கையை வாய்க்குக் கொண்டுபோய் நக்கும், காலை உந்தி உந்தி ஓரிரண்டு அங்குலம் நகரும், நின்று இளைப்பாறும், மறுபடி நகரும். பல குழந்தைகள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தாமே காம்பைக் கண்டுபிடித்துவிடுகின்றன. மூக்குதான் வழிகாட்டி. 1994-ல் வெளியான ஆய்வொன்றில் ஒரு மார்பைக் கழுவியும் மற்றதைக் கழுவாமலும் விட்டபோது, 30 குழந்தைகளில் 22 பேர் கழுவாத மார்பைத் தேடிப் போனார்கள். பனிக்குட நீரின் மணமும் குழந்தைக்குப் பழகியதுதான், அதை மார்பில் தடவினால் அந்தப் பக்கம் போகிறது. உள்ளே தெரிந்திருந்த குரலும் மணமும் வெளியே வந்ததும் ஒரே ஆளிடம் கிடைக்கின்றன.

மாதம் முடியும் முன்பே பிறந்துவிடும் குழந்தைக்கு இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. அம்மாவின் குரலுக்குப் பதில் இயந்திரங்களின் இரைச்சல். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் தவித்த மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கங்காரு முறை என்று இன்று உலகெங்கும் பின்பற்றுவது அதைத்தான். 2015-ல் அமெரிக்காவில் 40 குறைமாதக் குழந்தைகளில் ஒரு பாதிப் பேருக்கு மட்டும் அம்மாவின் குரலும் இதயத்துடிப்பும் தினமும் மூன்று மணி நேரம் கேட்க வைத்தார்கள். ஒரு மாதத்தில் அவர்களுடைய மூளையின் கேட்கும் பகுதி மற்றவர்களைவிடத் தடித்திருந்தது.

இவ்வளவும் குழந்தையைப் பற்றியே பேசிவிட்டேன், பிரசவ அறையிலும் பல சமயம் இதுதான் நடக்கிறது. எல்லோரும் தொட்டில் பக்கம் திரும்பிவிடுவார்கள், பெற்றவள் ஒரு ஓரமாகக் கிடப்பாள். எல்சலின் ஹூக்சமாவின் குழு 2016-ல் காட்டியபடி, முதல் கர்ப்பத்துக்குப் பின் பெண்ணின் மூளையில், மற்றவர்களின் மனதைப் படிக்க உதவும் பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள், அதாவது நரம்புச் செல்கள் அடர்ந்த திசு, குறைகிறது. அந்த மாற்றம் இரண்டு வருடம் கழித்தும் இருந்தது. மாற்றம் அதிகமாக இருந்த தாய்மார்கள் தங்கள் குழந்தையோடு அதிக ஒட்டுதலையும் சொன்னார்கள்.

இன்னொரு பக்கம், நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் சில நாள்களில் தடாலென்று சரிகின்றன. தூக்கம் கிடையாது, உடம்பெல்லாம் ரணம். மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வருவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு நடக்கிறது, இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால், அல்லது எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, நான் நல்ல அம்மா இல்லை என்ற நினைப்பே ஓடுகிறது என்றால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். நூற்றில் 10 முதல் 15 பேருக்கு வருகிறது. அவர்கள் மனஉறுதி இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வாயை மூடச் சொல்லுங்கள். இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, 1987-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவான, 10 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று இருக்கிறது, கடந்த ஏழு நாள்களைப் பற்றி மட்டும் கேட்கும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் அம்மாவுக்கும் அதைக் கொடுத்துக் கேட்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வருகிறது என்று அவள் சொன்னால் அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள், அன்றைக்கே அழைத்துக்கொண்டு போங்கள், சிகிச்சை இருக்கிறது.