ஏசி பூட்டினால் காற்று வராது, சேர்

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு தனியார் பாடசாலை என்னைக் கூப்பிட்டது. புதுசாக்கிய கட்டடத்தில் வகுப்பு நடத்த முடியவில்லையாம். போய்ப் பார்த்தால், ஏ9 வீதியைப் பார்த்த மேற்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி, அந்தக் கண்ணாடியின் உட்பக்கம் முழுக்கப் பழைய பேப்பர். வெயில் தாங்காமல் பிள்ளைகளே பசை பூசி ஒட்டியிருக்கிறார்கள். மேசைகளெல்லாம் எதிர்ச்சுவரோடு. இந்த வருடம் நான் பார்க்கும் மூன்றாவது கட்டடம் இது, அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எல்லாரும் கையில் ஒரு போட்டோவோடு வருகிறார்கள். "தம்பி, கொழும்பில இருக்கிற மாதிரி வேணும்." சரி, செய்யலாம். ஆனால் ஏ9 கிளிநொச்சிக்குள் ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. ரோட்டுக்கு முகப்பு என்றால் ஒன்றில் காலை வெயில், இல்லாவிட்டால் பின்னேர வெயில். வகுப்பறைகளை வடக்கும் தெற்கும் பார்க்கத் திருப்பி, ரோட்டுப் பக்கம் ஒடுங்கின சுவரை விட்டு, அதில் பெயர்ப்பலகையை எவ்வளவு பெரிதாகவும் வைக்கலாமே என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். அடுத்த பதில் தயாராக இருக்கும்: "ஏசி பூட்டுறம்தானே."

இதை எத்தனை தரம்தான் சொல்வது! சுவரில் பூட்டுகிற ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. வெளியே ஒரு பெட்டியில் காற்றாடி சுற்றுகிறது, ஆகவே அது வெளிக்காற்றை இழுத்துக் குளிராக்கி உள்ளே அனுப்புகிறது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இல்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில் போவது காஸ் ஓடும் செப்புக்குழாயும் வயரும்தான், தண்ணீர் வடிய ஒரு குழாய் இருக்கும், காற்று வர வழியே இல்லை. அறைக்குள் கிடக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிராக்குகிறது. 35 பிள்ளைகள் விட்ட மூச்சு, குளிரான மூச்சு, அவ்வளவுதான். மூன்றாம் பாடத்தில் கண் சொருகுகிறது, தலையிடிக்கிறது, ஒருத்தருக்குத் தடிமன் என்றால் வகுப்புக்கே தடிமன். ரீச்சர் பிள்ளையை ஏசுகிறார். கரண்ட் போனால்? திறக்கிற மாதிரி ஒரு ஜன்னல்கூட அங்கே இல்லை.

ஏற்கெனவே பூட்டிவிட்டீர்களா? ஒரு எக்ஸோஸ்ட் ஃபேன் வையுங்கள், அதற்கு எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வர இடம் விடுங்கள், இடைவேளைக்குக் கதவைத் திறந்து போடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டுப் பெரிய பிரயோசனமில்லை, மறைப்பு வெளியில் வேண்டும். இனித்தான் கட்டப்போகிறீர்கள் என்றால், எதிரெதிரே ஜன்னல் வையுங்கள், சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகட்டும். சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் நமக்கு நேர் உச்சியில் வரும், ஆகவே முகப்புக்கு வைத்திருக்கிற காசில் கொஞ்சத்தைக் கூரைக்குத் தாருங்கள். இன்ரலொக் கல் பதிக்கிறதற்காக முற்றத்து வேம்பை வெட்டாதீர்கள். அந்த இடத்தில் இன்னொரு மரம் நிழல் தர, இப்போது முதலாம் வகுப்பில் இருப்பவன் ஓஎல் எழுதி முடித்திருப்பான். முற்றம் முழுக்கக் கல் என்றால் மாரித் தண்ணீர் எங்கே போகும்? 2018 மார்கழியில் வந்த வெள்ளத்தை அதற்குள் மறந்துவிட்டோமா என்ன?

அப்புறம், இது கெஞ்சல். பழைய அஸ்பெஸ்டஸ் கூரைச் சீற்றைக் கழற்றும்போது பிள்ளைகள் வளவுக்குள் இருக்கக்கூடாது. அந்தத் தூசி இன்றைக்கு ஒன்றும் காட்டாது, இருபது முப்பது வருடம் கழித்து நெஞ்சுக்குள் வேலையைக் காட்டும். (2018இலிருந்து இறக்குமதித் தடை என்று அரசாங்கம் சொன்னதுதான். நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்றுவந்த ரஷ்யா 2017 டிசெம்பரில் நம் தேயிலையை நிறுத்தியதும் அது தள்ளிப்போனது.) வேலையை லீவு நாளில் வையுங்கள். நன்றாக நனைத்து, முழுச் சீற்றாக இறக்குங்கள், மேலேயிருந்து எறியவேண்டாம், உடைந்ததைக் காயவிட்டுக் கூட்டவேண்டாம், வேலைக்கு வருகிற பெடியளுக்கு முகத்தில் கட்டுகிற துணி போதாது, முறையான மாஸ்க் கொடுங்கள். நான் போன பாடசாலையில் உடைந்த துண்டுகளைப் பள்ளம் நிரப்பக் கொட்டியிருந்தார்கள், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில். நான் நிற்கும்போதே மணி அடித்தது, பிள்ளைகள் அதற்கு மேலால்தான் சைக்கிள் உருட்டிக்கொண்டு போனார்கள்.