பிட் பெட்டி வாங்கும் முன் காலெட்டைப் பாருங்கள்

போன மாதம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், தன் சின்ன ரவுட்டரில் (மரத்தில் பள்ளம் ஓட்டவும் ஓரம் சீவவும் உள்ள மெஷின்) அலமாரிப் பலகைக்குப் பள்ளம் ஓட்டினார். ஆரம்பத்தில் ஆழம் 6 மி.மீ., மறுமுனையில் அளந்தால் 9. ஓட ஓட, மரத்தை வெட்டும் பிட், அதன் தண்டைக் கவ்வும் காலெட்டிலிருந்து கீழே இறங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் கழன்று பறந்திருக்கும். காலெட் கால் இஞ்ச், பிட்டின் தண்டு 6 மி.மீ.

"ஆறு எம்எம்னா ரெண்டு நூல்தானேண்ணே?" என்றார். இல்லை தம்பி, ரெண்டு நூல் என்பது கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ. அந்த 0.35 இடைவெளி இருந்தால் எவ்வளவு திருகினாலும் பிடி சரியாக விழாது. கடையில் இரண்டு அளவும் கலந்தே கிடக்கும். தண்டை அளக்க வெர்னியர் அளவுகோலோடு போங்கள். மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்டை அடிவரை விட்டு, 2 மி.மீ. மேலே இழுத்து இறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் காலெட் முழுசாகக் கவ்வாது.

விலை மலிவு என்று 15 பிட் பெட்டியை எடுக்காதீர்கள். பாதியைத் தொடவே மாட்டீர்கள். அதிலுள்ள அகலமான பிட்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றும் சின்ன மெஷினுக்கு ஆகாது. வேகத்தைக் குறைக்க வழியில்லாத மெஷினில் 25 மி.மீ.க்கு மேல் நான் மாட்டவே விடமாட்டேன்.

முதலில் வாங்க வேண்டியது பேரிங் வைத்த டிரிம் பிட். மைக்கா ஓரம் சீவ அதுதான். வாங்குமுன் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் மைக்காவில் கருகிய கோடு விழும். அடுத்து 6, 12 மி.மீ. நேர் பிட்கள். 18 மி.மீ. பிளைவுட் பல நேரம் 18 இருக்காது. அதனால் 12 பிட்டைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டு முறை ஓட்டினால்தான் பலகைக்குப் பொருந்தும் பள்ளம் கிடைக்கும். ஒரு ஓட்டத்துக்கு 3 மி.மீ. ஆழம் போதும். ஓரத்தை உருட்ட ஒன்று, 45 டிகிரியில் சரிக்க ஒன்று, அவ்வளவே. எல்லாம் கார்பைடு முனையாக இருக்கட்டும். பிளைவுட் பசை சாதா ஸ்டீல் பிட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

பலகையின் ஓரம் உங்களைப் பார்த்திருந்தால் இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் மெஷின் கையை மீறி ஓடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

தம்பியின் மெஷினுக்கு 6 மி.மீ. காலெட் தனியாகக் கிடைத்தது. அந்தப் பலகையைத்தான் புதிதாக அறுக்க வேண்டியிருந்தது.